கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலை வைத்துப் பள்ளிகளை ஒப்பிடலாமா? திக்லிபூர் பெற்றோர் அறிய வேண்டியவை

திக்லிபூர்: பிளஸ் 2 தேர்வு முடிவுகளும் நுழைவுத் தேர்வு முடிவுகளும் வெளியாகும் மே, ஜூன் மாதங்களில், நாடு முழுவதும் தனியார் பள்ளிகளின் விளம்பரங்கள் ஒரே வடிவில் வருகின்றன. மாணவர்களின் புகைப்படங்கள், அவற்றின் கீழே மதிப்பெண்கள், அவர்கள் சேர்ந்த மருத்துவக் கல்லூரி அல்லது ஐஐடியின் பெயர், இறுதியில் 'சேர்க்கை நடைபெறுகிறது' என்ற வரி. அந்தமானின் வட கோடியில் உள்ள திக்லிபூரின் கைபேசிகளுக்கும் இந்த விளம்பரங்கள் வந்து சேர்கின்றன.

பெருநகரத்தில் உள்ள பெற்றோருக்கு இது பேருந்துத் தடத்தை மாற்றும் முடிவாக இருக்கலாம். திக்லிபூரில் உள்ளவர்களுக்கோ, பதினைந்து வயதுப் பிள்ளையைக் கடல் கடந்து விடுதிக்கு அனுப்பும் முடிவு இது. அந்த முடிவு பெரும்பாலும் கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல் என்ற ஒற்றைத் தாளை நம்பியே எடுக்கப்படுகிறது. அந்தத் தாள் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது, சரிபார்க்க என்ன வழி உள்ளது என்பதை இந்தத் தொகுப்பு விளக்குகிறது.

திக்லிபூரின் நிலை என்ன?

வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தில் உள்ள திக்லிபூர் வட்டத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 43 ஆயிரம் பேர் வசிக்கின்றனர். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியமர்த்தப்பட்ட வங்காளிக் குடும்பங்கள் இங்குப் பெரும்பான்மையினர். தமிழ், மலையாளம், தெலுங்கு பேசுவோரும் ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்த பழங்குடிக் குடும்பங்களும் உடன் வாழ்கின்றனர். காளிகாட், கிஷோரிநகர், சுபாஷ்கிராம், ராம்நகர் என ஊர்கள் பரந்து கிடக்கின்றன. நெல், பாக்கு, தென்னை, மீன்பிடிப்பு, அரசுப் பணி ஆகியவையே முதன்மை வாழ்வாதாரங்கள்.

யூனியன் பிரதேசத்தின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரம், 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்டது. திக்லிபூரிலிருந்து அந்நகரம் சாலை வழியே 300 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் உள்ளது. அந்தமான் பெருவழிச்சாலை ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தின் ஊடாகச் செல்வதால், அப்பகுதியில் குறித்த நேரங்களில் மட்டுமே வாகனங்கள் அணியாக அனுமதிக்கப்படுகின்றன. தலைநகரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் சென்றால் மூன்று நாள் வரை ஆகும்.

தீவுகளின் உயர்கல்வி நிறுவனங்களும் பெரும்பாலும் தலைநகரிலேயே உள்ளன. 1967-ல் தொடங்கப்பட்ட ஜவகர்லால் நேரு ராஜ்கீய மகாவித்யாலயா, டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், தாகூர் அரசு கல்வியியல் கல்லூரி, 2015-ல் 100 எம்பிபிஎஸ் இடங்களுடன் தொடங்கிய அந்தமான் நிக்கோபார் மருத்துவ அறிவியல் நிறுவனம் ஆகியவை அங்கு இயங்குகின்றன. வட அந்தமானுக்கு அருகில் உள்ளது மாயாபந்தரின் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி. அது 1990-ல் தொடங்கப்பட்டது.

பிரதமர் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைத்த சென்னை - அந்தமான் கடலடிக் கண்ணாடி இழை வடத்தின் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். தலைநகரைத் தவிர ஏழு இடங்களை அது இணைத்தது. வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தில் அவ்வாறு இணைக்கப்பட்டவை ரங்கத்தும் லாங் தீவும். அந்தப் பட்டியலில் திக்லிபூர் இடம்பெறவில்லை. இணையவழிப் பயிற்சியை நம்பும் மாணவர்களுக்கு இது பொருட்படுத்த வேண்டிய வேறுபாடு.

இத்தகைய சூழலில், பணவசதி உள்ள குடும்பங்களும், கடன் வாங்கத் துணியும் குடும்பங்களும் தலைநகரின் தனியார் பள்ளிகளையோ தமிழகம், ஆந்திரம், தெலங்கானா, ராஜஸ்தான் மாநிலங்களின் விடுதிப் பள்ளிகளையும் பயிற்சி மையங்களையுமோ நோக்குவது இயல்பே.

'சேர்க்கைப் பட்டியல்' எப்படி உருவாகிறது?

பள்ளிகளின் பெருமையைக் கல்லூரிச் சேர்க்கையால் அளக்கும் வழக்கம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் சட்டன் டிரஸ்ட் அறக்கட்டளை 2018-ல் வெளியிட்ட ஆய்வு, 2015 முதல் 2017 வரையிலான மூன்று ஆண்டுகளில் வெறும் எட்டுப் பள்ளிகளிலிருந்து 1,310 பேர் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் இடம் பெற்றதாகக் கூறியது. அதே காலத்தில் 2,800-க்கும் மேற்பட்ட பிற பள்ளி, கல்லூரிகளிலிருந்து மொத்தமாக 1,220 பேரே இடம் பெற்றனர். அந்த எட்டில் ஆறு கட்டணப் பள்ளிகள்.

இந்தியாவில் இப்பழக்கம் இரண்டு வடிவங்களில் உள்ளது. உதகை லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி, டேராடூன் டூன் பள்ளி போன்ற பழைமையான உறைவிடப் பள்ளிகளின் வட்டாரத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயர்களே பேசப்படுகின்றன. நடுத்தரக் குடும்பங்களைக் குறிவைக்கும் பள்ளிகளிலோ மருத்துவம், ஐஐடி, என்ஐடி இடங்களின் எண்ணிக்கையே அளவுகோல்.

தமிழகத்தில் இரண்டாவது வடிவத்தின் பெயராகவே நாமக்கல் மாறியது. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007-ல் கைவிடப்பட்ட பின், பிளஸ் 2 மதிப்பெண்ணே மருத்துவ, பொறியியல் இடங்களைத் தீர்மானித்தது. மாநில முதலிடங்களை அள்ளிய அப்பகுதி விடுதிப் பள்ளிகளை நோக்கிப் பல மாவட்டக் குடும்பங்கள் படையெடுத்தன. பிளஸ் 1 பாடங்களைப் புறக்கணித்து இரண்டு ஆண்டுகளும் பிளஸ் 2 பாடமே நடத்தப்படுவதாகக் குற்றச்சாட்டுகள் தொடர்ந்தன.

2017-ல் நிலைமை மாறியது. மாநில, மாவட்டத் தரவரிசை அறிவிப்பைத் தமிழக அரசு நிறுத்தியது. 2017-18 கல்வியாண்டு முதல் பிளஸ் 1 வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதை அடுத்து அத்தேர்வு கைவிடப்பட்டது. மருத்துவச் சேர்க்கை நீட் மதிப்பெண்ணுக்கு மாறியதால், விளம்பரங்களின் எண்களும் பிளஸ் 2 மதிப்பெண்ணிலிருந்து நீட் மதிப்பெண்ணுக்கு மாறின. அளவுகோல் மாறியது, பட்டியல் மட்டும் தொடர்ந்தது.

எண்ணிக்கையும் விகிதமும்: ஓர் எடுத்துக்காட்டு

சேர்க்கைப் பட்டியலைப் படிக்கும் முறையை ஒரு கற்பனைக் கணக்கின் வழியே புரிந்துகொள்ளலாம்.

'அ' பள்ளி 40 மாணவர்கள் மருத்துவ, முன்னணிப் பொறியியல் கல்லூரிகளில் சேர்ந்ததாக விளம்பரம் செய்கிறது. 'ஆ' பள்ளியோ 10 பேர் என்கிறது. முதல் பார்வையில் 'அ' நான்கு மடங்கு சிறந்தது.

ஆனால் 'அ' பள்ளியில் பிளஸ் 2 எழுதியோர் 400 பேர். 'ஆ' பள்ளியில் 50 பேர். விகிதப்படி 'அ' 10 சதவீதம், 'ஆ' 20 சதவீதம். இப்போது 'ஆ' முந்துகிறது.

அடுத்து, 'ஆ' பள்ளியின் அந்த மாணவர் தொகுதி ஒன்பதாம் வகுப்பில் 80 பேராக இருந்தது என்று கொள்வோம். பத்தாம் வகுப்புக்குப் பின் மதிப்பெண் குறைந்த 30 பேர் மாற்றுச் சான்றிதழுடன் அனுப்பப்பட்டனர். தொடக்கத்தில் சேர்ந்த 80 பேரைக் கொண்டு கணக்கிட்டால் விகிதம் 12.5 சதவீதமாகக் குறைகிறது. தன் பிள்ளையைச் சேர்க்கும் நாளில், அவர் அந்த 50 பேரில் ஒருவராக இருப்பாரா, 30 பேரில் ஒருவராக இருப்பாரா என்பது எந்தப் பெற்றோருக்கும் தெரியாது. அவருக்கு உரிய எண் 12.5 தான், 20 அன்று.

மேலும் ஒரு படி உள்ளது. 'அ' பள்ளி எல்லா மதிப்பெண்ணினரையும் சேர்க்கிறது. 'ஆ' நுழைவுத் தேர்வு வைத்து முன்னணியில் உள்ளவர்களை மட்டும் சேர்க்கிறது எனில், 'ஆ' பள்ளியின் வெற்றியில் எவ்வளவு பங்கு கற்பித்தலுக்கு உரியது, எவ்வளவு பங்கு மாணவரைத் தெரிவு செய்ததற்கு உரியது என்பதைப் பட்டியல் சொல்லாது.

பட்டியலில் மறையும் ஐந்து செய்திகள்

முதலாவது, மாணவர் தெரிவு. 2024-ம் ஆண்டு சிபிஎஸ்இ 12-ம் வகுப்புத் தேர்வில் ஜவகர் நவோதயா பள்ளிகள் 98.90 சதவீதமும், கேந்திரிய வித்யாலயாக்கள் 98.81 சதவீதமும், அரசுப் பள்ளிகள் 88.23 சதவீதமும் தேர்ச்சி பெற்றன. தனியார் பள்ளிகளின் தேர்ச்சி 87.70 சதவீதம். தனியார் பள்ளி என்றாலே சிறந்த முடிவு என்ற எண்ணத்தை இந்த எண்கள் ஆதரிக்கவில்லை. அதே வேளையில், நவோதயா மாணவர்கள் நுழைவுத் தேர்வு மூலம் தெரிவு செய்யப்படுபவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, மறுமுறை எழுதுவோர். தமிழகத்தில் நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ. கே. ராஜன் குழு, மருத்துவ இடம் பெற்றோரில் மறுமுறைத் தேர்வர்களின் பங்கு 2016-17-ல் 12.47 சதவீதமாக இருந்து 2020-21-ல் 71.42 சதவீதமாக உயர்ந்ததாகக் குறிப்பிட்டது. பள்ளியை முடித்து ஓராண்டோ இரண்டாண்டோ வேறோர் இடத்தில் பயிற்சி பெற்றவரின் இடத்தைப் பள்ளியின் சாதனையாகக் காட்டுவது முழு உண்மையாகாது. அந்தக் கூடுதல் ஆண்டுகளின் செலவும் பள்ளிக் கட்டணத்தில் தெரியாது.

மூன்றாவது, அழைப்புக் கடிதமும் சேர்க்கையும். ஒரு மாணவருக்கு ஐந்து பல்கலைக்கழகங்கள் இடம் தர முன்வந்தால், சில பட்டியல்களில் அது ஐந்து எனக் கணக்கிடப்படுகிறது. 40 அழைப்புகள் என்பது 10 மாணவர்களாகவும் இருக்கலாம். வெளிநாட்டுச் சேர்க்கையில் குடும்பத்தின் செலுத்தும் திறனும் கலந்துள்ளது. வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பாராமல் இடம் தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மிகச் சிலவே.

நான்காவது, பயிற்சி மையத்தின் பங்கு. வகுப்புக்கு வராமல் பயிற்சி மையத்தில் மட்டும் படிக்கும் மாணவர்களைப் பெயரளவில் பதிவு செய்யும் 'டம்மி' பள்ளிகள் மீது சிபிஎஸ்இ நடவடிக்கை எடுத்து வருகிறது. டெல்லியிலும் ராஜஸ்தானிலும் நடத்திய திடீர் ஆய்வுகளை அடுத்து, 2024 நவம்பரில் 21 பள்ளிகளின் இணைப்பை அது ரத்து செய்தது. ஒரே மாணவரின் வெற்றியைப் பள்ளியும் பயிற்சி மையமும் தனித்தனியே உரிமை கொண்டாடுவதும் உண்டு.

ஐந்தாவது, ஒதுக்கீட்டு விதிகள். பல இடங்கள் மதிப்பெண்ணோடு வசிப்பிடம், படித்த பள்ளி ஆகியவற்றையும் சார்ந்துள்ளன. தமிழகத்தின் 7.5 சதவீத மருத்துவ உள்ஒதுக்கீடு, 6 முதல் 12-ம் வகுப்பு வரை அம்மாநில அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கானது. ஆகவே தமிழகப் பள்ளி ஒன்றின் பட்டியலில் உள்ள இடங்கள் அனைத்தும் திக்லிபூர் மாணவருக்குத் திறந்திருக்கும் என்று கொள்ள இயலாது. அவ்வாறே, தீவுகளை விட்டு வெளியேறிப் படிப்பதால் யூனியன் பிரதேச ஒதுக்கீட்டுத் தகுதி பாதிக்கப்படுமா என்பதையும் அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டைப் படித்து முன்கூட்டியே உறுதி செய்வது அவசியம்.

சிறிய பள்ளிகளை ஒப்பிடுவதில் உள்ள சிக்கல்

தீவுப் பள்ளிகளில் மேல்நிலை அறிவியல் பிரிவின் மாணவர் எண்ணிக்கை குறைவாக இருப்பதுண்டு. 20 பேர் உள்ள வகுப்பில் ஒரே ஒரு மாணவரின் வெற்றி, பள்ளியின் விகிதத்தை 5 சதவீதப் புள்ளிகள் உயர்த்திவிடும். ஒருவரின் காய்ச்சலோ, தேர்வுக்குச் செல்லும் வழியில் ஏற்பட்ட தாமதமோ அதே அளவு குறைத்துவிடும். எனவே ஓராண்டு முடிவை வைத்து உள்ளூர்ப் பள்ளியைப் புகழ்வதும் இகழ்வதும் சரியன்று. குறைந்தது மூன்று ஆண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பதே பொருந்தும்.

இதில் இன்னொரு சுழற்சியும் உண்டு. பத்தாம் வகுப்பில் முன்னணியில் வரும் மாணவர்கள் ஊரை விட்டுச் சென்றால், அவர்களின் வெற்றி வெளியூர்ப் பள்ளியின் கணக்கில் சேரும். உள்ளூர்ப் பள்ளியின் முடிவு, கற்பித்தல் மாறாவிட்டாலும், தாழும். அந்தத் தாழ்வைக் கண்டு அடுத்த ஆண்டு மேலும் சிலர் வெளியேறுவர். ஊரில் தங்கிப் படிப்போருக்குப் போட்டியிட்டுப் படிக்கும் துணைகள் குறைவர். வெளியேற இயலாத குடும்பங்களின் பிள்ளைகளே இதன் விலையைத் தருகின்றனர்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

சிறந்த மாணவர்கள் கூடும் பள்ளியில் சேர்ந்தால் ஒரு மாணவர் எவ்வளவு முன்னேறுவார் என்ற வினாவைப் பொருளியலாளர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். நுழைவுத் தேர்வின் எல்லை மதிப்பெண்ணுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் உள்ளவர்களை ஒப்பிடுவது அவர்களின் முறை. ஒரு மதிப்பெண் வேறுபாட்டில் ஒருவர் உள்ளே செல்கிறார், மற்றவர் வெளியே நிற்கிறார். இருவரின் திறனும் ஏறத்தாழ ஒன்றே. எனவே பின்னாளில் தோன்றும் வேறுபாட்டைப் பள்ளியின் பயன் என்று கொள்ளலாம்.

இம்முறையில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் புகழ்பெற்ற தேர்வுப் பள்ளிகளை ஆராய்ந்த அப்துல்காதிரோக்லு, ஆங்ரிஸ்ட், பதக் ஆகியோரின் ஆய்வுக் கட்டுரை 2014-ல் வெளியானது. எல்லையைக் கடந்து உள்ளே சென்றவர்களின் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க கூடுதல் முன்னேற்றம் இல்லை என்று அது கண்டறிந்தது. அதே ஆண்டு டாபி, ஃபிரையர் ஆகியோர் நியூயார்க் பள்ளிகள் குறித்து வெளியிட்ட ஆய்வும், கல்லூரிச் சேர்க்கையில் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை.

இந்தியாவில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. குலுக்கல் மூலம் தனியார் பள்ளியில் படிக்க உதவித்தொகை பெற்ற குழந்தைகளும், பெறாத குழந்தைகளும் நான்கு ஆண்டுகளுக்குப் பின் தெலுங்கிலும் கணிதத்திலும் சம நிலையிலேயே இருந்தனர். இந்தியில் தனியார் பள்ளிக் குழந்தைகள் முன்னேறியிருந்தனர். மாணவர் ஒருவருக்கான செலவு தனியார் பள்ளிகளில் அரசுப் பள்ளிகளைவிட மிகக் குறைவாக இருந்ததையும் அவ்வாய்வு பதிவு செய்தது. இவை சிறிய கட்டணப் பள்ளிகள். உயர்கட்டண விடுதிப் பள்ளிகளுக்கு இம்முடிவை அப்படியே பொருத்த இயலாது.

மாறுபட்ட முடிவும் உண்டு. டிரினிடாட் டொபாகோ தீவு நாட்டின் மேல்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்த கிராபோ ஜாக்சன், சிறந்த மாணவர்கள் கூடும் பள்ளியில் சேர்ந்தவர்களின் தேர்வு முடிவுகள் மேம்பட்டதாகவும், மாணவிகளுக்குப் பயன் கூடுதலாக இருந்ததாகவும் 2010-ல் எழுதினார். ஆகவே 'பள்ளியால் பயனே இல்லை' என்பது ஆய்வுகளின் முடிவன்று. பட்டியலின் அளவுக்குப் பயன் இருக்கும் என்ற நம்பிக்கைக்கு அவை ஆதாரம் தரவில்லை என்பதே சரியான வாசிப்பு.

கல்லூரியின் பெயரே வாழ்வைத் தீர்மானிக்கிறதா என்ற வினாவும் ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவில் டேல், க்ரூகர் ஆகியோர் 2002-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒத்த திறனும் ஒத்த விண்ணப்பங்களும் கொண்ட மாணவர்களிடையே, புகழ்பெற்ற கல்லூரியில் படித்தவருக்கும் மற்றக் கல்லூரியில் படித்தவருக்கும் பிற்கால ஊதியத்தில் பொதுவாகப் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஏழைக் குடும்ப மாணவர்களுக்குப் புகழ்பெற்ற கல்லூரி தெளிவான பயன் தந்தது. வாய்ப்பு குறைந்த ஊர்களின் மாணவர்கள் நல்ல கல்லூரியை நாடுவதில் நியாயம் உண்டு என்பதையே இது காட்டுகிறது. அதற்கான வழி உயர்கட்டணப் பள்ளி மட்டும்தானா என்பதே வினா.

முடிவுகளை வெளியிடாமல் இருந்தால் போதுமா?

தரவரிசை மாணவர்களுக்கு அழுத்தம் தருவதாகக் கூறி, சிபிஎஸ்இ முதலிடப் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியுள்ளது. ஒட்டுமொத்தச் சதவீதம், வகுப்பு நிலை ஆகியவற்றையும் வழங்குவதில்லை என்று 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. ஐசிஎஸ்இ, ஐஎஸ்சி தேர்வுகளை நடத்தும் சிஐஎஸ்சிஇ வாரியமும் 2024-ல் முதலிடப் பட்டியலைக் கைவிட்டது.

எனினும் தகவலே இல்லாத நிலைக்கும் ஒரு விலை உண்டு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதி 2001-ல் பள்ளி முடிவுப் பட்டியல்களை வெளியிடுவதை நிறுத்தியது. அதன் பின் வேல்ஸ் பள்ளிகளின் செயல்பாடு இங்கிலாந்தை ஒப்பிடச் சரிந்ததாகவும், முன்னணிக் கால் பகுதிப் பள்ளிகளில் பாதிப்பு இல்லை, மற்றவற்றிலேயே சரிவு காணப்பட்டதாகவும் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. ஒரு மாணவர் தொடக்கப் பள்ளி முடித்தபோது இருந்த நிலையிலிருந்து 16 வயதுக்குள் எவ்வளவு முன்னேறினார் என்பதைக் கணக்கிடும் 'புரோகிரஸ் 8' என்ற அளவு 2016 முதல் பள்ளிகளுக்குப் பொதுவாக வெளியிடப்பட்டது. பள்ளியில் நுழைந்தபோது இருந்த நிலையையும் கணக்கில் கொள்வதே அதன் அடிப்படை. இந்தியாவில் கல்லூரிகளுக்கு 2016 முதல் என்ஐஆர்எஃப் தரவரிசை உள்ளது. பள்ளிகளுக்கு அத்தகைய அரசுத் தரவரிசை இல்லை. தனியார் இதழ்களும் நிறுவனங்களும் வெளியிடும் பள்ளித் தரவரிசைகள் அரசின் அங்கீகாரம் பெற்றவை அல்ல.

பெற்றோர் எங்கே சரிபார்க்கலாம்?

சிபிஎஸ்இ இணைப்பு பெற்ற ஒவ்வொரு பள்ளியும் 'கட்டாயப் பொது வெளிப்படுத்தல்' என்ற தலைப்பில் தன் இணையதளத்தில் சில விவரங்களை வெளியிட வேண்டும் என்பது வாரியத்தின் விதி. கடந்த மூன்று ஆண்டுகளின் 10, 12-ம் வகுப்பு முடிவுகள், தேர்வுக்குப் பதிவு செய்தோர் எண்ணிக்கை, தேர்ச்சி பெற்றோர் எண்ணிக்கை, முதுநிலை மற்றும் பட்டதாரி ஆசிரியர் எண்ணிக்கை, மனநல ஆலோசகர் விவரம், கட்டண அமைப்பு, கட்டடப் பாதுகாப்பு மற்றும் தீயணைப்புச் சான்றுகள் ஆகியவை அதில் அடங்கும். விளம்பரத்தின் எண்ணை இந்தப் பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவது முதல் வேலை.

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளிகளின் வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கையைக் காணலாம். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், பன்னிரண்டில் எத்தனை பேர் என்ற இடைவெளி, இடையில் எத்தனை மாணவர்கள் விலகினர் அல்லது விலக்கப்பட்டனர் என்பதற்கான குறிப்பைத் தரும்.

பயிற்சி மையங்களைப் பொறுத்தவரை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வெற்றி பெற்ற மாணவரின் படத்தைப் பயன்படுத்துவதாயின், அவர் பயின்ற பாடத்திட்டம், அதன் காலம், கட்டணம் செலுத்திப் படித்தாரா என்பவற்றைக் குறிப்பிட வேண்டும். வெற்றிக்குப் பின்னரே அவரிடம் ஒப்புதல் பெற வேண்டும். இலவச நேர்காணல் பயிற்சிக்கு மட்டும் வந்தவரை முழுப் பாடத்திட்ட மாணவராகக் காட்டும் விளம்பரங்களுக்கு ஆணையம் முன்னரே அபராதம் விதித்துள்ளது. தவறான விளம்பரம் குறித்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் அளிக்கலாம். 16 வயதுக்கு உட்பட்டோரைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

பள்ளியிடம் கேட்க வேண்டிய வினாக்கள்

பள்ளி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறத்தக்க விவரங்கள் பின்வருமாறு:

1. பட்டியலில் உள்ள மாணவர்கள் எந்த வகுப்பிலிருந்து இப்பள்ளியில் படித்தனர்?

2. அவர்களின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் என்ன? 60 முதல் 75 சதவீதம் வரை பெற்றுச் சேர்ந்தவர்கள் பின்னர் எங்கே சேர்ந்தனர்?

3. அந்தத் தொகுதியின் மொத்த மாணவர் எண்ணிக்கை எத்தனை? ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தனர்?

4. முதல் முயற்சியில் இடம் பெற்றவர்கள் எத்தனை பேர்?

5. அரசுக் கல்லூரி இடங்கள் எத்தனை, தனியார் அல்லது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கட்டண இடங்கள் எத்தனை?

6. கட்டணம், விடுதி, பயிற்சி, பயணம் சேர்த்து ஆண்டுச் செலவு எவ்வளவு? இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தரப்படும்?

7. விடுதியில் மாணவரும் பெற்றோரும் எத்தனை நாள்களுக்கு ஒருமுறை பேசலாம்? மருத்துவ வசதி, ஆலோசகர் வசதி என்ன?

இவற்றில் இரண்டாவது வினாவே முதன்மையானது. 95 சதவீதம் பெற்ற மாணவர் எங்கும் நன்றாகவே படிப்பார். நடுத்தர மதிப்பெண்ணுடன் சேர்ந்தவரைப் பள்ளி எங்கே கொண்டு சேர்த்தது என்பதில்தான் கற்பித்தலின் தரம் வெளிப்படும். ஏழாவது வினா திக்லிபூர்க் குடும்பங்களுக்குக் கூடுதல் முக்கியத்துவம் வாய்ந்தது. பிள்ளைக்கு உடல்நலம் குன்றினாலோ மனம் தளர்ந்தாலோ, பெற்றோர் அன்றே புறப்பட்டாலும் மறுநாள் சேர்வது உறுதியில்லை.

ஊரை ஒட்டியுள்ள வழிகள்

மாவட்டத்தில் ரங்கத் அருகே பஞ்சவதியில் ஜவகர் நவோதயா வித்யாலயா இயங்குகிறது. ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் நுழைவுத் தேர்வு எழுதி ஆறாம் வகுப்பில் சேரலாம். நவோதயா பள்ளிகளில் 75 சதவீத இடங்களாவது கிராமப்புற மாணவர்களுக்கு உரியவை. கல்வி, தங்குமிடம், உணவு, சீருடை, பாடநூல் ஆகியவை இலவசம். ஒன்பதாம் வகுப்பு முதல் சில பிரிவு மாணவர்களிடம் மட்டும் மாதம் 600 ரூபாய் வளர்ச்சி நிதி பெறப்படுகிறது. மாணவியருக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தினருக்கும் விலக்கு உண்டு. காலியிடங்களைப் பொறுத்து ஒன்பது, பதினோராம் வகுப்புகளிலும் சேர்க்கை நடைபெறுகிறது.

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் கியூட் தேர்வு நடத்தப்படுகிறது. இதனால் கலை, வணிகவியல், அடிப்படை அறிவியல் பயில விரும்புவோருக்கு பிளஸ் 2 மதிப்பெண்ணின் கடைசிப் புள்ளிகள் முன்போல் முடிவானவை அல்ல. 2021-ல் டெல்லி பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில் முதல் கட்-ஆஃப் 100 சதவீதமாக இருந்ததை நினைவில் கொண்டால் இம்மாற்றத்தின் அளவு புரியும். என்சிஇஆர்டி பாடநூல்களே இத்தேர்வுக்கு அடிப்படை என்பதால், அவற்றையே பயிலும் தீவுப் பள்ளி மாணவர்களுக்குப் பாடத்திட்டத்தில் பின்னடைவு இல்லை. பயிற்சி, வழிகாட்டல், தேர்வு மையத்துக்கான பயணம் ஆகியவையே அவர்களின் உண்மையான இடைவெளிகள்.

வெளியூர் விடுதிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களுக்கும், உள்ளூரில் தொடரும் குடும்பங்களுக்கும் பொதுவான அடிப்படை ஒன்றே. பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதோடு, அதே வகுப்பில் படித்தும் பட்டியலில் இடம்பெறாதவர்கள் எங்கே சென்றார்கள் என்பதையும் கேட்டறிந்த பின்னரே கட்டணம் செலுத்துவது நன்று.